கறிவேப்பிலைக்குள் ஒளிந்திருக்கும் டாக்டர்

ரசம் கொதிக்கிறது. தாளிக்கக் கறிவேப்பிலை வேண்டும். கிணற்றடிக்குப் போய் ஒரு கொத்து ஒடித்து வந்தால் வேலை முடிந்தது. கடையில் வாங்குகிறவர்கள்கூட, காய்கறிக்குக் காசு கொடுத்துவிட்டுக் கறிவேப்பிலையைக் கொசுறாகத்தான் கேட்பார்கள். சாப்பிடும்போதோ, அதை எடுத்து இலை ஓரத்தில் வைத்துவிடுவோம்!

இந்தக் கறிவேப்பிலைக்கு உலக விஞ்ஞானிகள் வைத்திருக்கும் பெயர் முரையா கோனிகி. இந்தப் பெயரின் பின் பாதியில் ஒரு மனிதர் ஒளிந்திருக்கிறார். அவர் யார்?

அவர் பெயர் யோஹான் கெரார்டு கோனிக். தொழிலில் வைத்தியர். பனி பெய்யும் நாட்டில் பிறந்து, தமிழ்நாட்டுக் கடற்கரையில் வந்து இறங்கியவர். செடிகளையும் பூச்சிகளையும் தேடிக் காடு மேடெல்லாம் அலைந்தவர். திரும்பிப் போகாமல் இந்த நாட்டிலேயே கண் மூடியவர்.

மருந்து இடித்த பையன்

கோனிக் 1728-ம் ஆண்டு நவம்பர் 29-ந் தேதி பிறந்தார். பிறந்த இடம், பால்டிக் கடலை ஒட்டிய லிவோனியா. இன்று அந்தப் பகுதி லாத்வியா நாட்டில் இருக்கிறது. அவருடைய தாய்மொழி ஜெர்மன்.

இளமையில் மருந்து செய்யும் தொழிலைக் கற்றுக்கொண்டார். அந்தக் காலத்தில் மருந்து என்றால் பெரும்பாலும் வேர், பட்டை, இலை, பூ இவைதான். செடியை அடையாளம் தெரியாதவன் மருந்து செய்ய முடியாது. ஒரு செடி என்று நினைத்து இன்னொரு செடியை அரைத்துக் கொடுத்தால் என்ன ஆகும்? நோய் போகாது. சில சமயம் நோயாளியே போய்விடுவார்!

செடியைச் சரியாக அறிவது எப்படி? அதைக் கற்றுக்கொள்ள 1757-ல் சுவீடன் நாட்டுக்குப் போனார் கோனிக். உப்சாலா என்ற ஊரில் லின்னேயஸ் என்ற பேராசிரியர் இருந்தார். உலகத்துச் செடி கொடிகளுக்கெல்லாம் கணக்கு எழுத முனைந்த மனிதர் அவர்.

லின்னேயஸ் காலத்துக்கு முன்பு ஒரு செடியின் பெயரைச் சொல்ல வேண்டுமானால், லத்தீன் மொழியில் ஒரு முழு வாக்கியத்தையே ஒப்பிக்க வேண்டும். இலை இப்படி, பூ அப்படி என்று பெயர் நீண்டுகொண்டே போகும். லின்னேயஸ் 1753-ல் ஒரு புத்தகம் வெளியிட்டார். அதில் ஒவ்வொரு செடிக்கும் இரண்டே சொல்லில் பெயர் கொடுத்தார். முதல் சொல் வீட்டுப் பெயர். இரண்டாம் சொல் அந்த வீட்டுப் பிள்ளையின் பெயர். பிறகு 1758-ல் விலங்குகளுக்கும் பூச்சிகளுக்கும் இதே முறையைக் கொண்டு வந்தார்.

செடியை வகைப்படுத்த அவர் காட்டிய வழியும் எளிது. பூவைப் பிரிக்க வேண்டும். உள்ளே மயிரிழைபோல நிற்கும் மகரந்தத் தாள்களை எண்ண வேண்டும். ஒன்று இருந்தால் ஒரு வகுப்பு. பத்து இருந்தால் வேறு வகுப்பு. எண்ணத் தெரிந்தவர் எல்லோரும் செடி நூலில் கால் வைக்கலாம் என்றாயிற்று. இந்த முறையில் குறை உண்டு. அந்தக் குறை கறிவேப்பிலை விஷயத்திலேயே தெரியப் போகிறது.

பனித் தீவில் ஒரு சின்னஞ்சிறு செடி

1759-ல் கோனிக் டென்மார்க்குக்குப் போனார். எட்டு ஆண்டுகள் அங்கே இருந்தார். அந்தக் காலத்தில் ஐஸ்லாந்துத் தீவுக்குப் போய்ச் செடிகள் சேகரித்து வந்தார்.

ஐஸ்லாந்தில் மரங்கள் அபூர்வம். வெயில் காலமும் சில வாரங்கள்தான். அங்கே தரையோடு தரையாக ஒரு செடி இருந்தது. விரல் உயரம்கூட இராது. அந்தச் சில வாரங்களுக்குள் முளைத்து, பூத்து, விதை போட்டு, செத்துவிடும். வேறு யாராவது என்றால் மிதித்துக்கொண்டு போயிருப்பார்கள். கோனிக் குனிந்து பார்த்தார்.

லின்னேயஸ் அந்தச் செடிக்கு 1767-ல் கோனிகியா என்று பெயர் வைத்தார். மாணவனின் பெயரே செடிக்கு வீட்டுப் பெயராயிற்று. அதே ஆண்டில் மாணவர் கப்பல் ஏறினார்.

தரங்கம்பாடிக்கு வந்த வைத்தியர்

அந்த நாளில் தமிழ்நாட்டுக் கடற்கரை பல கொடிகள் பறந்த கரை. சென்னையில் இங்கிலீஷ்காரர். புதுச்சேரியில் பிரெஞ்சுக்காரர். நாகப்பட்டினத்திலும், முத்துக் குளிக்கும் தூத்துக்குடியிலும் டச்சுக்காரர். நடுவே தரங்கம்பாடியில் டென்மார்க் நாட்டார். தஞ்சை ரகுநாத நாயக்க மன்னரிடம் 1620-ல் உடன்படிக்கை செய்துகொண்டு, கடலோரத்தில் கோட்டை கட்டியவர்கள் அவர்கள்.

1706-ல் சீகன்பால்கு என்ற பாதிரியார் தரங்கம்பாடிக்கு வந்தார். தமிழ் கற்றார். தமிழில் புத்தகம் அச்சடித்தார். அவர் தொடங்கிய மிஷனுக்கு ஒரு வைத்தியர் தேவைப்பட்டார். அந்த வேலைக்குத்தான் கோனிக் வந்தார்.

வழியில் கப்பல் ஆப்பிரிக்காவின் தென்கோடியில் நின்றது. 1768 ஏப்ரல் மாதம். மற்றவர்கள் கப்பல் நின்ற இடத்தில் இளைப்பாறினார்கள். கோனிக் அங்கிருந்த மேஜை மலைமேல் ஏறிச் செடி பறித்தார். அந்த ஆண்டே தரங்கம்பாடியில் இறங்கினார். அப்போது அவருக்கு வயது 39.

பகலில் நோயாளிகள். மற்ற நேரமெல்லாம் செடிகள். வேலியில் படர்ந்த கொடி, வயல் வரப்பில் முளைத்த பூண்டு, உப்பங்கழியில் நின்ற புதர், எதையும் விடவில்லை. பறித்த செடியைக் காகிதத்துக்கு இடையே வைத்து, பாரம் ஏற்றி, ஈரம் போக உலர்த்துவார். உலர்ந்ததைக் கட்டிக் கப்பலில் அனுப்புவார். அது சுவீடனில் லின்னேயஸ் கைக்குப் போய்ச் சேர மாதக் கணக்கில் ஆகும். பதில் வருவதற்குள் அடுத்த ஆண்டு பிறந்துவிடும்.

மிஷனைச் சேர்ந்த பாதிரிமார் சிலரும் இந்த வேலையில் சேர்ந்துகொண்டார்கள். சகோதரர்கள் என்று தங்களுக்குப் பெயர் வைத்துக்கொண்டார்கள். செடிகளைத் தங்களுக்குள் பரிமாறிக்கொண்டார்கள். இந்த ஊரார் சொல்லும் தமிழ்ப் பெயர்களையும் குறித்துக்கொண்டார்கள். இது நல்ல பழக்கம். பெயர் தெரிந்த செடிக்குத்தான் குணமும் தெரிந்திருக்கும். அந்தப் பெயரையும் குணத்தையும் சொன்ன நாட்டு வைத்தியர்கள், தோட்டக்காரர்கள், ஆடு மேய்த்த பையன்கள் எத்தனை பேரோ! அவர்கள் பெயரை எந்தச் செடிக்கும் யாரும் வைக்கவில்லை.

வேம்பா? எலுமிச்சையா?

தரங்கம்பாடியானாலும் சரி, தூத்துக்குடிக்குப் பக்கத்துப் புதுக்கோட்டையானாலும் சரி, வீட்டுக் கொல்லையில் தண்ணீர் ஓடும் இடத்தில் ஒரு கறிவேப்பிலை நிற்கும். ஆனால் அது ஆதியில் தோட்டச் செடி அல்ல. மலையடிவாரக் காடுகளில் தானாக முளைத்து, தானாகப் பூக்கும் சிறு மரம்.

தமிழர் அதற்கு வைத்த பெயரைப் பாருங்கள். கறிக்கு உதவும் வேப்பிலை! பார்வைக்கு வேப்பிலை போல இருப்பதால் இந்தப் பெயர். மலையாள நாட்டிலும் இதே பெயர்தான். கொச்சியில் ஆண்ட டச்சுக் கவர்னர் ரீட் என்பவர், மலையாளத்துச் செடிகளைப் பற்றி 12 பாகங்களில் படங்களோடு ஒரு பெரிய நூல் செய்வித்தார். 1678 முதல் 1693 வரை அது வெளிவந்தது. அதில் வேம்பும் கறிவேம்பும் அடுத்தடுத்த படங்களாக நிற்கின்றன.

கறிவேப்பிலை லின்னேயஸுக்குப் போயிற்று. அவர் 1771-ல் அதைத் தம் புத்தகத்தில் சேர்த்தார். பெர்கெரா கோனிகி என்று பெயரிட்டார். அனுப்பிய மாணவருக்கு ஆசிரியர் இரண்டாம் முறையாகச் செய்த மரியாதை அது.

இப்போது அந்த மகரந்தத் தாள் கணக்கைப் பார்ப்போம். கறிவேப்பிலைப் பூ சிறியது. வெள்ளை நிறம். ஐந்து இதழ். கிளை நுனியில் கொத்துக் கொத்தாகப் பூக்கும். நல்ல வாசனை உண்டு. உள்ளே மகரந்தத் தாள்கள் பத்து. வேப்பம்பூவும் வெள்ளைதான். அதற்கும் இதழ் ஐந்து. உள்ளே எண்ணினால் அதற்கும் பத்து! எண்ணிக்கையை மட்டும் பார்த்தால் இரண்டும் ஒரே வகுப்பு. லின்னேயஸ் நூலிலும் இரண்டும் ஒரே வகுப்பில்தான் இருந்தன.

ஆனால் உண்மையில் அவை ஒரே குடும்பம் அல்ல. வேப்பம்பூவில் அந்தப் பத்தும் ஒட்டி ஒரு சிறு குழாய்போல் இருக்கும். கறிவேப்பிலைப் பூவில் பத்தும் தனித்தனி. இன்னும் எளிதான ஒரு சோதனை இருக்கிறது. வீட்டிலேயே செய்து பார்க்கலாம். ஒரு எலுமிச்சை இலையையும் ஒரு கறிவேப்பிலையையும் பறித்து வெயிலுக்கு எதிரே பிடியுங்கள். உற்றுப் பாருங்கள். இரண்டிலும் ஊசியால் குத்தியதுபோலச் சின்னச் சின்னப் புள்ளிகள் ஒளி விடும். அவை வாசனை எண்ணெய் தங்கும் பைகள். வேப்பிலையில் இந்தப் புள்ளிகள் இல்லை. கறிவேப்பிலை வேம்புக்கு உறவு அல்ல. எலுமிச்சைக்கும் நாரத்தைக்கும் உறவு.

முட்டையிட வரும் பட்டாம்பூச்சி

மனிதர் எண்ணிப் பார்த்தும் ஏமாந்த இந்த விஷயத்தில், ஏமாறாத ஒரு பூச்சி உண்டு. அது பட்டாம்பூச்சி.

எலுமிச்சை மரத்தில் முட்டையிடும் பட்டாம்பூச்சிகளில் இரண்டு வகை நம் ஊரில் நிறையப் பறக்கின்றன. ஒன்று மஞ்சளும் கறுப்பும் கலந்தது. மற்றொன்று கரிய நிறம், இறக்கையில் வெள்ளைப் புள்ளி வரிசை உள்ளது. இந்த இரண்டுமே கறிவேப்பிலைக்கும் வரும். வேம்புக்கு முட்டையிடப் போகாது. தாய்ப் பூச்சி இலைமேல் உட்கார்ந்து முன்னங்கால்களால் தட்டும். அதற்கு ருசி காலில் தெரியும்! இது தன் குஞ்சுக்கு ஆகும் இலைதான் என்று தெரிந்த பிறகே, கடுகு போன்ற முட்டையை ஒட்ட வைக்கும்.

முட்டையிலிருந்து வரும் புழு முதலில் காக்கை எச்சம் போல இருக்கும். பறவை அதைத் தின்னுமா? தின்னாது! வளர்ந்த பிறகு அதே புழு இலைப் பச்சையாக மாறிவிடும். தொட்டால் தலைக்குப் பின்னாலிருந்து இரண்டு கொம்புபோல ஒன்றை நீட்டும். குப்பென்று நாற்றம் வரும். கறிவேப்பிலை பறிக்கப் போன பெண்கள் பலர் இதைக் கண்டு கையை உதறியிருப்பார்கள்.

கரிய பட்டாம்பூச்சியின் கதை இன்னும் வேடிக்கை. அதில் பெண் பூச்சிகள் எல்லாம் ஒரே உருவில் இருப்பதில்லை. சில பெண்கள் ஆணைப் போலவே இருக்கும். மற்றவை, பறவைகள் தின்ன அஞ்சும் விஷப் பட்டாம்பூச்சிகளைப் போலச் சிவப்புப் புள்ளிகளோடு வேஷம் போட்டிருக்கும். இந்த வேஷத்தில் லின்னேயஸே ஏமாந்தார். 1758-ல் இந்த ஒரே இனத்துக்கு இரண்டு வேறு பெயர் எழுதி வைத்தார். இரண்டும் ஒன்றே என்பது பின்னால் வந்தவர்கள் கண்ட உண்மை. புழுவை எடுத்து வளர்த்துப் பார்த்தால்தான் இந்தக் குழப்பம் தீரும். பெட்டியில் குத்தி வைத்த பூச்சி சொல்லாததை இலையில் ஊரும் புழு சொல்லிவிடும்.

செடி ஒருவருக்கு, பூச்சி ஒருவருக்கு

கோனிக் செடியை மட்டும் அனுப்பவில்லை. பூச்சிகளையும் சேகரித்தார். வண்டு, தேனீ, குளவி, பட்டாம்பூச்சி எல்லாம் அனுப்பினார். அவற்றைப் பெற்றவர்களில் முக்கியமானவர் ஃபப்ரிசியஸ். டென்மார்க்கைச் சேர்ந்தவர். அவரும் லின்னேயஸின் மாணவரே. செடிக்கு லின்னேயஸ் என்றால் பூச்சிக்கு ஃபப்ரிசியஸ் என்று சொல்லலாம். 1775-ல் அவர் எழுதிய பூச்சி நூல் புகழ் பெற்றது. அவருடைய நூல்களில் தரங்கம்பாடி என்ற ஊர்ப் பெயர் திரும்பத் திரும்ப வரும். ஐரோப்பாவில் எங்கோ உட்கார்ந்து பூச்சி நூல் படித்தவர்களுக்கு, காவிரிக் கரையின் ஒரு சிற்றூர் இப்படித் தெரிந்த ஊராயிற்று.

புதரில் சிறு கூடு கட்டும் கொம்புத் தேனீக்கு 1787-ல் பெயர் வைத்தவர் ஃபப்ரிசியஸ். உயர்ந்த பாறையில் கட்டும் மலைத் தேனீக்கும், பொந்தில் கட்டும் தேனீக்கும் 1793-ல் பெயர் வைத்தவரும் அவரே.

இதில் ஒரு வருத்தம் உண்டு. செடி ஓர் ஊருக்குப் போயிற்று. பூச்சி வேறோர் ஊருக்குப் போயிற்று. எந்தப் பூச்சி எந்தப் பூவில் உட்கார்ந்தது என்ற செய்தியோ, அதைக் கண்ணால் கண்ட மனிதரோடு தரங்கம்பாடியிலேயே தங்கிவிட்டது.

ஆனால் ஒரே ஒரு பூச்சி விஷயத்தில் கோனிக் எல்லாவற்றையும் சேர்த்தே எழுதினார்.

ஈசல் பிடிக்கக் கறிவேப்பிலை!

அந்தப் பூச்சி கரையான்.

செடி சேகரிப்பவருக்குக் கரையானைவிடப் பெரிய எதிரி கிடையாது. ஒரு வருஷம் பாடுபட்டு உலர்த்திய செடிகளை ஒரு வாரத்தில் காகிதத்தோடு தின்றுவிடும். வேறொருவர் என்றால் மண்வெட்டியை எடுத்துப் புற்றை இடித்திருப்பார். கோனிக்கும் புற்றை வெட்டிப் பார்த்தார். ஆனால் ஆராய்வதற்காக வெட்டிப் பார்த்தார்! தஞ்சைச் சீமைக் கரையான்களைப் பற்றி அவர் எழுதிய கட்டுரை 1779-ல் பெர்லின் நகரில் ஜெர்மன் மொழியில் வெளிவந்தது. கரையானைப் பற்றி நேரில் ஆராய்ந்து எழுதிய முதல் கட்டுரைகளில் அது ஒன்று.

புற்றுக்குள்ளே தேனடைபோல் துளைகள் உள்ள உருண்டைகள் இருப்பதை அவர் பார்த்தார். அவற்றின்மேல் சிறு சிறு வெள்ளைக் காளான் மணிகள் இருந்தன. இது கரையான் குஞ்சுகளுக்கு உணவாக இருக்கலாம் என்று கருதினார். கரையான் புற்றுக்குள் காளான் பயிர் செய்கிறது என்பது இன்று பள்ளிப் பிள்ளைகளுக்கும் தெரியும். அந்தக் காளான் தோட்டத்தை முதலில் கண்டு எழுதியவர் தரங்கம்பாடி வைத்தியர்.

மழைக்குப் பிறகு ஈசல் கிளம்பும். கிராமத்தார் அதைப் பிடித்து வறுத்துத் தின்பார்கள். தஞ்சைச் சீமையில் அந்தக் காலத்தில் ஈசல் பறக்கும் வரையில்கூடக் காத்திருக்கவில்லை. புற்றிலேயே பிடித்துவிடுவார்கள். எப்படி? அதைக் கோனிக் எழுதி வைத்திருக்கிறார்.

புற்றில் இரண்டு துளை போடுவார்கள். ஒன்று காற்று வரும் பக்கம். மற்றொன்று காற்றுப் போகும் பக்கம். காற்றுப் போகும் பக்கத்துத் துளையில் ஒரு பானையின் வாயைப் பொருத்துவார்கள். எதிர்த் துளையில் நாற்றமுள்ள பொருள்களைப் போட்டு நெருப்பு மூட்டிப் புகை எழுப்புவார்கள். புகை தாங்காமல் ஈசல்கள் ஓடி வந்து பானைக்குள் விழும். அந்தப் பானையின் உள்ளே முன்கூட்டியே ஓர் இலையைத் தேய்த்து வாசனை ஏற்றியிருப்பார்கள்.

அது என்ன இலை? நம் கறிவேப்பிலைதான்! லின்னேயஸ் வைத்த பெர்கெரா என்ற பெயரைச் சொல்லியே கோனிக் அதைக் குறித்தார். ஐரோப்பியர் சமையலில் லாரல் என்ற ஓர் இலையைப் போடுவார்கள். அவர்கள் அதை மதிப்பதைவிட இந்த நாட்டார் கறிவேப்பிலையை அதிகம் மதிக்கிறார்கள் என்றும் எழுதினார்.

பானைக்குள் ஈசல் மட்டும் வராது. சில சமயம் நல்ல பாம்பும் வந்து விழும்! ஆகையால் பானையை எடுக்கிறவர் மிகவும் எச்சரிக்கையாக இருக்க வேண்டும். பிடித்த ஈசலை மாவோடு சேர்த்துப் பலகாரம் செய்து, ஏழைகளுக்கு மலிவு விலையில் விற்பார்கள். அளவோடு தின்றால் நல்லது. அதிகம் தின்றால் வயிற்று வலியும் கழிச்சலும் வந்து உயிருக்கே ஆபத்து. இதையும் வைத்தியர் என்ற முறையில் எழுதினார். முதுகு பலப்படுவதற்காக வயதானவர்களுக்குக் கரையான் ராணியை உயிரோடு விழுங்கக் கொடுப்பார்கள் என்றும் குறித்தார். அதை அவர் கேலி செய்யவில்லை.

இந்தச் செய்தி லண்டனுக்கும் போயிற்று. ஸ்மீத்மன் என்ற இங்கிலீஷ்காரர் ஆப்பிரிக்கக் கரையான்களைப் பற்றி 1781-ல் எழுதியபோது, கோனிக் கண்ட ஈசல் பானையையும் எடுத்துச் சொன்னார். தஞ்சைக் கிராமத்தார் கறிவேப்பிலை தேய்த்த பானை, லண்டனில் பெரிய விஞ்ஞான சங்கத்தின் ஏட்டில் ஏறியது!

நவாபும் கம்பெனியும்

மிஷன் கொடுத்த சம்பளம் சிறிது. செடி தேடிப் பயணம் போக வண்டி வேண்டும், ஆள் வேண்டும், காகிதம் வேண்டும். 1773-ல் டென்மார்க்கின் கோபன்ஹேகன் சர்வகலாசாலை அவருக்கு டாக்டர் பட்டம் கொடுத்தது. அவர் நேரில் போகாமலேயே கிடைத்த பட்டம் அது. பட்டம் கௌரவம் தந்தது. பணம் தரவில்லை.

1774-ல் ஆர்க்காட்டு நவாப் முகமது அலியிடம் வேலைக்குச் சேர்ந்தார். நவாபின் கடன் கதை ஊர் அறிந்தது. அங்கும் கோனிக்குக்குப் பணக் கவலை விடவில்லை. 1778 ஜூலையில் சென்னையிலிருந்த இங்கிலீஷ் கம்பெனி அவரைத் தன் இயற்கை ஆராய்ச்சியாளராக அமர்த்தியது.

கம்பெனி வியாபாரக் கம்பெனி. பூவின் அழகைப் பார்க்க அது சம்பளம் கொடுக்காது. விலை போகும் சரக்கு எங்கே விளைகிறது என்று பார்த்து வர, சயாம் நாட்டுக்கும் மலாக்கா பக்கத்துக்கும் கோனிக்கை அனுப்பியது. 1778 முதல் 1780 வரை அந்தப் பயணம். இன்று புகெட் என்று சுற்றுலாப் பயணிகள் போகும் தீவில், அன்று அவர் இஞ்சி, மஞ்சள் குடும்பத்துச் செடிகளை உட்கார்ந்து ஆராய்ந்தார். அந்தச் செடிகளின் பூ உலர்ந்தால் உருத் தெரியாமல் போய்விடும். பூத்த இடத்திலேயே பார்த்து எழுத வேண்டும். அப்படி எழுதினார். ரெட்சியஸ் என்ற சுவீடன் பேராசிரியர் அதை 1783-ல் அச்சிட்டார்.

இதற்குள் 1778 ஜனவரியில் லின்னேயஸ் இறந்துவிட்டார். பெயர் கேட்டு அனுப்ப இனி ஆசிரியர் இல்லை. கோனிக்கிடமே பெட்டி பெட்டியாகச் செடிகளும் கட்டுக் கட்டாகக் குறிப்புகளும் சேர்ந்துகொண்டிருந்தன. சேர்ப்பதற்கு நேரம் இருந்தது. உட்கார்ந்து நூலாக எழுத நேரம் கிடைக்கவில்லை. பயணத்தில் ஆசை உள்ளவர்களுக்கு வரும் குறைதான் இது.

கடைசிப் பயணம்

ஆந்திரக் கடற்கரையில் அவருக்கு இரண்டு நண்பர்கள் இருந்தார்கள். ஒருவர் விசாகப்பட்டினத்து டாக்டர் ரஸ்ஸல். பாம்புகளை ஆராய்ந்தவர். மற்றவர் சாமல்கோட்டை டாக்டர் ராக்ஸ்பரோ. கோனிக்கிடம் செடி நூல் கற்ற இளைஞர். சோழ மண்டலக் கரைச் செடிகளைப் படங்களோடு பெரிய புத்தகமாகக் கொண்டு வர வேண்டும் என்று இந்த வைத்தியர்கள் பேசிக்கொண்டார்கள்.

1785-ல் கோனிக்கைச் சீதபேதி பிடித்தது. காகிநாடாவை அடுத்த ஜகந்நாதபுரத்தில் படுத்த படுக்கையானார். ராக்ஸ்பரோ பக்கத்தில் இருந்து மருந்து கொடுத்தார். எத்தனையோ மூலிகைகளை அடையாளம் கண்ட மனிதருக்கு எந்த மருந்தும் பிடிக்கவில்லை. ஜூன் 26-ந் தேதி உயிர் பிரிந்தது. வயது 56.

அவர் பெயரில் வெளிவந்த புத்தகம் என்று பெரிதாக எதுவும் இல்லை. குறிப்புகளை எல்லாம் லண்டனில் இருந்த சர் ஜோசப் பாங்க்ஸுக்கு எழுதி வைத்திருந்தார். அவை பத்திரமாகப் போய்ச் சேர்ந்தன. சேர்ந்து, அங்கேயே கிடந்தன. அவருடைய சயாம் பயணக் குறிப்பு இங்கிலீஷில் மொழி பெயர்த்து அச்சானது 1894-ல். எழுதியவர் இறந்து 109 ஆண்டுகளுக்குப் பிறகு!

நண்பர்கள் பேசிய புத்தகம் மட்டும் வீண்போகவில்லை. 1795 முதல் ராக்ஸ்பரோ அதைப் பகுதி பகுதியாக வெளியிட்டார். 300 செடிகளின் வண்ணப் படங்கள். இந்திய ஓவியர்கள் வரைந்தவை.

கறிவேப்பிலையின் பெயரும் சும்மா இருக்கவில்லை. 1825-ல் ஸ்பிரெங்கல் என்ற ஜெர்மன் அறிஞர் அதை வேறு வீட்டுக்கு மாற்றினார். லின்னேயஸின் மற்றொரு மாணவர் முர்ரே. அவர் பெயரால் ஆன முரையா என்ற வீடு அது. சமீப ஆண்டுகளில் செடிகளின் மரபணுவை ஆராய்ந்தவர்கள், பழைய பெர்கெரா வீடே சரி என்று சொல்லித் திரும்ப அங்கே கொண்டுபோய்ச் சேர்த்திருக்கிறார்கள். கோனிகி என்ற பின் பாதியை இரண்டு தரப்பாரும் தொடவில்லை.

தரங்கம்பாடியில் கோனிக்கோடு பழகிச் செடிப் பித்து ஏறியவர்களில் ஒருவர் ராட்லர் பாதிரியார். 1776-ல் வந்தவர். கோனிக் போன பிறகும் 50 ஆண்டுகள் அவர் உயிரோடு இருந்தார். அத்தனை காலமும் செடி பறித்துக் காகிதத்தில் ஒட்டினார். வயது 80-ஐத் தாண்டிய பின், தமிழ்ச் சொற்களுக்கெல்லாம் இங்கிலீஷில் பொருள் சொல்லும் பெரிய அகராதியை அச்சுக்குக் கொடுத்தார். 1834-ல் முதல் பாகம் வந்தது. 1836-ல் ராட்லர் சென்னையில் காலமானார். மிச்சப் பாகங்களை மற்றவர்கள் 1841-ல் முடித்தார்கள். அவர் ஒட்டிய செடிகள் லண்டனை அடுத்த கியூ தோட்டத்தில் இருக்கின்றன.